இரண்டாவது தட்டு

ஜெலுத்தோங் சாலையில் லாரி உரசியது.
வலக்கால் மாவுக்கட்டில், நாற்பத்தொரு நாள்.
வீடு பதினோராம் மாடி,
லிஃப்ட் நிற்பதோ இரட்டைப்படை மாடிகளில் மட்டும்.
முடிவெட்டும் அப்பளசாமி அண்ணன்
மைலோ பெட்டி நிறைய விசிடி தூக்கி வந்தார்.
"பாரு, அழு, திருப்பிக் கொடு."

முதல் படத்தில் கதாநாயகன் ஏழை.
மழையில் மூன்று மைல் ஓடி வருகிறான்,
தலைமுடி மட்டும் வீட்டிலேயே இருந்துவிட்டது போல
ஒரு கலைசல் இல்லை.
எனக்குப் பிடித்தது அவனில்லை,
அந்த வீட்டு நீலக் கதவு.
நாயகி திறந்தாள், சாத்தினாள், சாய்ந்து அழுதாள்,
ஒருமுறைகூட அது கிறீச்சிடவில்லை.
அப்படி ஒரு கதவு கிடைத்தால்
நானும் அழத் தயார்.

அடுத்தது கறுப்பு வெள்ளை.
தாய் சாகப் பதினேழு நிமிடம் எடுத்துக்கொண்டாள்.
அத்தனை ஒப்பாரிக்கும்
கீழே மலாயில் ஒற்றைச் சொல்: செடிஹ்.
துக்கமாம்.
எழுதியவருக்குப் பசியோ, கடைசி பஸ்ஸோ.
சிரித்தேன்.
அவள் கை கட்டிலிலிருந்து நழுவியபோது
செடிஹ், செடிஹ் என்று
நானே முனகிக்கொண்டிருந்தேன்.
சத்தம் கேட்டுத்தான்
பக்கத்து வீட்டு சியூ லான் அக்கா கதவைத் தட்டினாள்.

கொசுவர்த்தித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்ற கால்கள்.
நாற்காலி கிடைத்தால் எழ மாட்டாள்.
என் பெயர் நேசமலர், அவள் வாயில் நேசா.
தமிழ் தெரியாது, மலாய் எழுத்து ஓடும் வேகத்துக்குப் படிக்க வராது,
ஆனாலும் எல்லாப் படத்திலும் வில்லன் கட்சி.
"வீட்டைப் பார், மாடிப்படி ரெண்டு பக்கமும் இறங்குது.
இதை விட்டுட்டு இவ ஏன் ஓடுறா?"
பதில் யோசித்தேன்.
இன்னும் யோசிக்கிறேன்.

அவள் கொண்டுவந்தது ஹாங்காங் வாள்சண்டை, நாற்பது பாகம்.
தாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே கோந்து பளபளத்தது.
அருவி, நெருப்பு, எட்டு எதிரிகள்,
தாடி விழவில்லை. அதுதான் வீரம்.
பதினான்காம் பாகத்தில் விஷம் குடித்துச் செத்த கிழவர்
இருபதில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்.
"சம்பளம் மிச்சம்" என்றாள் அக்கா.

சனிக்கிழமை மத்தியானம் டிவியில் பழைய மலாய்ப் பேய்.
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.
எங்கள் மாடியில் மனிதர்களே அவ்வளவு மரியாதையில்லை.
இருவரும் பயப்பட மறந்தோம்.

பிறகு அந்த டாக்டர் படம்.
பார்வையில்லாத பெண். ஆபரேஷன் முடிந்தது.
கண்கட்டை ஒவ்வொரு சுற்றாய் அவிழ்க்கிறார் டாக்டர்,
கடைசிச் சுற்றில் முதல் தட்டு முடிந்தது.
உறையில் இரண்டாவது இல்லை.
யாருடையதோ வெட்டிய முடி நாலைந்து இருந்தது.

"கண் தெரிஞ்சது" என்றாள் அக்கா, தாவ்ஃபூ ஃபா உறிஞ்சிக்கொண்டே.
"டாக்டரைப் பார்த்தா. இவ்வளவு குள்ளமான்னு நினைச்சா.
வெளியே சொல்லல.
புக்கிட் மெர்தாஜாம்ல கிளினிக் போட்டாங்க.
அவ கணக்குப் பார்த்தா. ஒரு சென் தப்பாது."
மறுநாள் கேட்டேன், இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தன.
அதற்கும் மறுநாள்
கிளினிக் கூரை ஒழுகியது,
டாக்டர் ஏணியில் ஏற, அவள் கீழே பிடித்துக்கொண்டாள்.
வாள்காரனை நாங்கள் அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டோம்.

பெரியாஸ்பத்திரியில் கட்டை அறுத்தார்கள்.
ரம்பம் அலறியது, கண்ணை இறுக்கிக்கொண்டேன்.
திறந்தால் வேறு யாருடைய காலோ,
வெளுத்து, மெலிந்து,
ஊறவைத்த அவரைக்காய் மாதிரி.

அந்த வாரமே அப்பளசாமி அண்ணன் வந்தார்.
"மல்யுத்தப் படத்து உறைக்குள்ள கிடந்துச்சும்மா."
போட்டோம்.
அவள் கண் திறந்தாள்.
சுற்றிலும் விளக்குகள், மாலைகள், பூத்தூவல்.
டாக்டரோ விமானத்தில் எரிந்து
சுவரில் படமாகியிருந்தார்.
அவள் படத்தைத் தொட்டுத் தொட்டு அழுதாள்.
கீழே செடிஹ்கூடப் போடவில்லை.

சியூ லான் அக்கா பத்து நிமிடம் பேசவில்லை.
திரை நீலமான பிறகு,
என் புதுக்காலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"நேசா, கிளினிக் எங்கே?"

நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.